கொடைக்கானல் சரிவில் வீடு: கருங்கல்லா, ஹாலோ பிளாக்கா?

ஹாலோ பிளாக்தான் மலிவு, வேலையும் சீக்கிரம் முடியும். 8 அங்குலச் சுவரோடு போய்விடும். கருங்கல் என்றால் குறைந்தது 15 அங்குலம், சின்ன மனையில் அறையே சுருங்கிவிடும். இதெல்லாம் தெரிந்தும் வெளிச்சுவர் முழுக்கக் கல்லில்தான் கட்டினோம். காரணம் ஈரம்.

சுமார் 2,100 மீட்டர் உயரம். தென்மேற்குப் பருவத்தில் சாரல், அக்டோபர் பிறந்தால் வடகிழக்கு மழை, மீதி நாளில் மூடுபனி. பிளாக் சுவருக்குப் பூச்சும் பெயின்டும் இல்லாமல் ஆகாது. அந்தப் பூச்சில் மயிரிழை விரிசல் விட்டால் போதும், தண்ணீர் உள்ளே இறங்கி, பெயின்ட் உப்பி, வெளியே பாசியும் உள்ளே பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சையுமாகக் கிளம்பிவிடும். மழை முடிந்ததும் சுரண்டு, அடி, அடுத்த வருடம் மறுபடி சுரண்டு. கல்லிலும் பாசி படியும்தான், ஆனால் அது அழுக்காகத் தெரியாது. இடுக்குச் சாந்தை அவ்வப்போது பார்த்துக்கொண்டால் சரி. அதையும் வெறும் சிமென்டில் இறுக்கி அடைக்காமல் சுண்ணாம்புச் சாந்தாகப் பூசினால், உள்ளே போன ஈரம் அந்த வழியாகவே காய்ந்து வெளியேறும்.

ஒரு எச்சரிக்கை: மேட்டுப் பக்கச் சுவரை வெட்டிய மண்ணோடு ஒட்டிக் கட்டினால் கல்லானாலும் ஓதம் ஏறும். தடுப்புச் சுவர் தனி, வீட்டுச் சுவர் தனி, நடுவே ஆள் நுழைகிற இடைவெளியும் வடிகாலும். தடுப்புச் சுவரில் நீர் வடியக் குழாய் விடாவிட்டால் மண்ணில் தேங்கும் தண்ணீரே அதைத் தள்ளிவிடும். முடிந்தவரை மலையை வெட்டாமல் இருப்பதே மேல் என்று, பக்கத்துப் பூம்பாறை கிராமத்துப் பூண்டு நிலங்கள் படிப்படியாக இறங்குகிற மாதிரி வீட்டையும் இரண்டு தட்டாக இறக்கினோம். அஸ்திவாரம் தோண்டும்போது வந்த கல் கீழ்த்தட்டுக்கே ஓரளவு ஆனது.

கல்லின் குறை குளிர். வெயில் படாத வடக்கு அறை ஜனவரியில் ஐஸ்தான். தெற்கே பெரிய ஜன்னல் வைத்த கூடம் தேவலாம். கல் கட்டத் தெரிந்த கொத்தனாருக்கும் காத்திருக்க வேண்டும்.

அப்புறம், 5 சதவீதம் சிமென்ட் கலந்து அழுத்திச் செய்யும் மண் கல். ஆரோவில் பக்கம் அதில் கட்டிய வீடுகளைப் பார்த்தால் ஆசை வரும். களிமண் அதிகமான இடத்தில் மணல் சேர்க்க வேண்டும், மணல் மலையேற லாரி வாடகை எகிறும். சாரலை எவ்வளவு காலம் தாங்கும் என்று, அதில் கட்டாத நான் சொல்வது சரியில்லை.

பணம் இடித்தால் மழை அடிக்கும் பக்கங்களை மட்டும் கல்லில் கட்டுங்கள். உள் சுவருக்கு பிளாக் தாராளம், எங்கள் வீட்டிலும் அதுதான்.