பழைய வரிமுறையா, புதிய வரிமுறையா?

வருமான வரியை இந்த இரண்டில் ஒரு முறையில் கட்டலாம். நான் புதிய முறைக்கு மாறிவிட்டேன். பழையதில் விகிதம் கூடுதல், கழிவுகள் (வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கும் தொகைகள்) ஏராளம். 2020 பட்ஜெட்டில் வந்த புதியதில் விகிதம் குறைவு, கழிவுகள் அநேகமாகக் கிடையாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கணக்கையும் சட்டென்று முடித்துவிடலாம். ஆண்டுச் சம்பளம் 15 லட்சம் என்றால், 2025-26க்குப் புதிய முறையில் செஸ் (வரிமேல் வரும் கூடுதல் வரி) உட்பட வரி 97,500 ரூபாய். பழையதில் அதே வரிக்கு இறங்க, சம்பளக்காரர் எல்லோருக்கும் கிடைக்கும் நிலைக்கழிவு 50,000 போக இன்னும் சுமார் 5.44 லட்சம் கழிவு காட்ட வேண்டும். 80சி பிரிவில் (குறிப்பிட்ட சேமிப்புகளுக்கான கழிவு) 1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000, வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம் என்று கூட்டினாலும் 3.75 லட்சம்தான் தேறும்.

இரண்டிலும் வரி சமமாக வந்தாலும் நான் புதியதைத்தான் எடுப்பேன். என் சேமிப்பு எங்கே போக வேண்டும் என்று அரசு சொல்லக் கூடாது. 80சி சொல்வது அதைத்தான். பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) முதிர 15 வருஷம், வரிச் சேமிப்பு எஃப்டிக்கு 5, இஎல்எஸ்எஸ் என்னும் வரிச் சேமிப்பு மியூச்சுவல் ஃபண்டுக்கு 3. நடுவில் ஒரு சின்னத் தொழில் தொடங்கலாம் என்று தோன்றினால் கையில் காசு இருக்காது. பிப்ரவரி பிறந்தால் ஏஜென்ட் வந்து உட்காருவார். "வரி மிச்சம் சார்" என்றதுமே பலர் எண்டோமென்ட் பாலிசியில் (சேமிப்பும் ஆயுள் காப்பீடும் சேர்ந்தது) கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். முதிர்வில் என்ன வரும், இறந்தால் குடும்பத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற பேச்சே வருவதில்லை. சலுகை இல்லையென்றால் அந்தத் திட்டம் தன் தரத்தைக் காட்டித்தான் நம் பணத்தை வாங்க வேண்டும்.

கட்டாயப்படுத்தினால்தான் ஜனங்கள் சேமிப்பார்கள் என்பவர்களுக்கு: பிஎஃப் பிடித்தம் புதிய முறையிலும் தொடர்கிறது.

புதியதிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 12 லட்சம் வருமானம் வரை வரியே இல்லை என்று ஆக்கியிருக்க வேண்டாம். பலரும் கொஞ்சம் கட்டி, விகிதம் அனைவருக்கும் குறைவதே நியாயம். 1973-74இல் 97.75 சதவீதமாக இருந்த உச்ச விகிதம் படிப்படியாக இறங்கி, 1997இல் ப. சிதம்பரத்தின் பட்ஜெட்டில் 30 ஆனது. அந்தத் திசையில்தான் இன்னும் போக வேண்டும்.

பெரிய வாடகையும் வீட்டுக் கடனும் சேர்ந்தே இருப்பவருக்குப் பழையது லாபமாக அமையலாம். எனக்குக் கடன் கிடையாது. அவர்கள் ஆடிட்டரிடம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. சம்பளக்காரர் வருஷத்துக்கு வருஷம் மாறிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவர் பழையதை எடுத்துவிட்டுப் புதியதுக்குத் திரும்பினால், அந்தத் தொழில் இருக்கும்வரை மறுபடி பழையதுக்குப் போக முடியாது.