இன்டிசைனில் கட்டம்: ‘காலம்’ (column) போட முழு மார்க், வரிசைக்குப் பாதி

ஏ4 இதழ்ப் பக்கத்தை வேண்டுமென்றே சமச்சீர் குலைத்து அமைக்க, பக்க வடிவமைப்பு மென்பொருளான அடோபி இன்டிசைன் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது?

காலம், அதாவது பக்கத்தை நெடுக்காகப் பிரிக்கும் பத்தி, போடுவதில் குறையே இல்லை. பேரன்ட் பேஜில் (எல்லாப் பக்கத்துக்கும் அச்சாக இருக்கும் மாதிரிப் பக்கம்) ‘மார்ஜின்ஸ் அண்ட் காலம்ஸ்’ திறந்து, இரு பக்க ஓரமும் 17 மி.மீ., 12 காலம், கட்டர் (காலங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி) 4 மி.மீ. கொடுத்தால் ஒவ்வொரு காலமும் பிசகாமல் 11 மி.மீ. வரும். கட்டுரைக்கு 8 காலம் (116 மி.மீ.), மிச்சம் 4 காலத்தில் (56 மி.மீ.) படக்குறிப்பும் வெற்றிடமும். வித்தியாசம் கண்ணில் அடிக்க வேண்டும். இரு பகுதிக்கும் ஐந்தாறு மி.மீ.தான் வேறுபாடு என்றால் அளவு தவறிவிட்டது என்றே படிப்பவர் நினைப்பார். (காலியிடத்தில் இன்னொரு விளம்பரம் போடச் சொல்பவர்களுக்கு எந்த மென்பொருளிலும் மருந்தில்லை.)

பக்கத்தைக் குறுக்காகப் பிரிக்கும் வரிசைக்கு அதே பெட்டியில் இடமில்லை. ‘கிரியேட் கைட்ஸ்’ போய் வழிகாட்டிக் கோடுகளாகத் தனியாகப் போட வேண்டும். வரி இடைவெளி 15 பாயின்ட் (அச்சு அளவு) என்றால், மேல் ஓரம் 60, கீழ் ஓரம் 76.89 பாயின்ட் வைத்தால் நடுவே 705 பாயின்ட், அதாவது 47 வரி கிடைக்கும். 6 வரிசை, கட்டர் 15 பாயின்ட், ‘மார்ஜின்ஸ்’ தேர்வு: வரிசைக்கு 7 வரி. பிறகு ஓரத்தை மாற்றினால் காலம் கூடவே நகரும், இந்தக் கோடுகள் நகராது. அழித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டியதுதான்.

பேஸ்லைன் கிரிட்டின் (வரிகள் உட்காரும் கிடைக்கோட்டுக் கட்டம்) இயல்பு அளவு 12 பாயின்ட். தமிழின் மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் இடிக்காதிருக்க லீடிங்கை (வரி இடைவெளி) மட்டும் 15 ஆக்கினால், கட்டத்தோடு பூட்டிய வரிகள் 24 பாயின்டுக்குத் தாவிவிடும். ப்ரிஃபரன்சஸில் இரண்டையும் ஒன்றாக்கி, தொடக்கத்தை ‘டாப் மார்ஜின்’, 0 என்று வையுங்கள். இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ‘வேர்ல்டு ரெடி’ கம்போசர் இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

இதிலேயே மிகச் சிறந்தது படங்களை அடுக்கும் வசதி. ஃபிரேம் (படம் வைக்கும் சட்டம்) இழுக்கும்போது மவுஸை விடாமல் வலது, மேல் அம்புக்குறிகளை இரண்டிரண்டு முறை தட்டினால் ஒரே ஃபிரேம் ஒன்பதாகப் பிரியும். இடைவெளி கட்டர் அளவையே எடுத்துக்கொள்ளும். அடுத்து கேப் டூலால் (யு விசை) நடு இடைவெளியை நகர்த்தினால் ஒரு பக்கப் படங்கள் விரிய, மறுபக்கம் சுருங்கும். இடைவெளி அகலம் மாறாது.

சந்தா கட்டினால்தான் கிடைக்கும் என்பதால், வருடத்துக்கு ஓரிரு மலர் மட்டும் போடுபவர்களுக்கு இது கட்டுப்படியாகாது.