ஃபைப்ராய்டு உதிரப்போக்குக்கு மாத்திரையா, மிரெனாவா?

கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி இருந்து மாதாமாதம் ரத்தம் கொட்டுகிறவர்களுக்கு டாக்டர்கள் அடிக்கடி எழுதித் தருவது கருத்தடை மாத்திரை. உதிரப்போக்கும் வலியும் குறையும், சரி, ஆனால் கட்டி கரையாது, இதைச் சொல்லாமலே அனுப்பிவிடுவது பெரிய தப்பு. 35 வயதைத் தாண்டிப் புகைபிடிப்பவர்கள், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், ரத்தம் உறைந்து சிக்கலானவர்கள் ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரையைத் தவிர்க்க வேண்டும்.

மிரெனா என்பது கர்ப்பப்பைக்குள் பொருத்தும் சின்ன ஹார்மோன் சாதனம், அதுவும் கட்டியைக் கரைக்காதுதான். ஆனால் அதிலுள்ள 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் கர்ப்பப்பைக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வேலை செய்வதால் உதிரப்போக்கை மாத்திரையைவிட நன்றாகவே குறைக்கும், தினமும் ஞாபகம் வைத்து விழுங்கவும் வேண்டாம். முதல் சில மாதங்கள் திட்டுத்திட்டாக ரத்தம் படும், பயப்படாதீர்கள். கட்டி உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருந்தால் சாதனம் நழுவி வெளியே வந்துவிடலாம், அதனால் ஸ்கேனில் கட்டி எந்த இடத்தில் என்று கேட்டுவிட்டே முடிவெடுங்கள்.