பத்திரம் பதியும்வரை நான் ‘அப்பா’

முதியோர் குடியிருப்பில் வீடு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு 72 வயது. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் 33 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊராட்சிகளின் செலவுச் சீட்டுகளில் ஓட்டை கண்டுபிடித்து, தணிக்கைத் தடை எழுதி எழுதியே தலை நரைத்தது. அப்படிப்பட்டவன் சொந்தப் பணம் 46 லட்சத்தைப் போட்டபோது, கையெழுத்துப் போட்ட காகிதத்தில் பாதியைப் படிக்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம், வழக்கு நடக்கிறது. கோவைக்கு மேற்கே, மலை தெரிகிற பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் இதுபோல நிறைய இருக்கின்றன. எல்லாமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் வேறொரு குடியிருப்பில் நிம்மதியாக இருக்கிறார். அவர் வாங்குவதற்கு முன் மூன்று மாதம் அங்கேயே வாடகைக்கு இருந்து பார்த்தார். நான் ஒரு மதியச் சாப்பாட்டோடு முடிவெடுத்தேன். வித்தியாசம் அதுதான்.

எங்களுக்குத் திருச்சி உறையூரில் சொந்த வீடு. மாடிப்படி ஏற முடியவில்லை, மோட்டார் ரிப்பேர் என்றால் ஆள் வருவதில்லை. மகன் டொராண்டோவில், மகள் புனேயில். 2019-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நிறுவனமே கார் அனுப்பிக் கூட்டிப்போனது. வாழைப்பூ வடை, பாயசத்தோடு சாப்பாடு. விற்பனைப் பிரிவுப் பெண் வாய் நிறைய “அப்பா, அம்மா” என்றுதான் கூப்பிட்டாள். “அப்பா, உங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க இல்லையா?” பிள்ளைகள் வாரத்துக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் முகம் காட்டுகிற வீட்டில், அந்த ஒரு சொல் என்ன வேலை செய்யும் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

விளம்பரப் புத்தகத்தில் இருந்தவை: 24 மணி நேர நர்ஸ், அழைத்தால் டாக்டர், சொந்த ஆம்புலன்ஸ், குளியலறையில் அவசர மணி, வழுக்காத தரை. இதெல்லாம் போக, தனியாக நடமாட முடியாத நிலை வந்தால் மாறிக்கொள்ள ஒரு கவனிப்பு பிளாக். “கடைசிவரை கவலையில்லை” என்று பின்னட்டையில் போட்டிருந்தார்கள். உறையூர் வீட்டை விற்றோம். பத்திரம் பதிந்த மறுவாரம் நான் ‘சார்’ ஆனேன். ஆறு மாதத்தில் ‘சி-204’.

முதல் இரண்டு வருடம் பெரிய குறை ஒன்றுமில்லை. காலையில் நடை, மாலையில் பஜனை, கொரோனா சமயத்தில்கூட சாப்பாடு வாசலுக்கே வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

2022 நவம்பரில் ஒரு ராத்திரி, மணி இரண்டரை இருக்கும். என் மனைவி குளியலறைக்குப் போனவள் விழுந்துவிட்டாள். “ஏங்க” என்று ஒரே ஒரு குரல். ஓடிப்போய்க் கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. தாழ்ப்பாள் போடவில்லை. கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு, அவள் அதன்மேலேயே சாய்ந்து கிடந்தாள். வேகமாகத் தள்ளினால் அவள் காலில் இடிக்கும். வயதானவர்கள் வாழ்வதற்கென்றே கட்டிய வீட்டில் குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படியோ, நகர்த்தும்படியோ வைக்கவேண்டும் என்ற அறிவு கட்டியவர்களுக்கு இல்லை. எனக்கும் மூன்று வருடமாகத் தோன்றவில்லை.

உள்ளே இருந்த அவசர மணியின் கயிறு கீசர் பக்கத்தில், நிற்கிறவர் கை எட்டும் உயரத்தில் தொங்கியது. விழுந்து கிடப்பவருக்கு அது எட்டுமா? படுக்கையறை மணியை நான் அழுத்தினேன். அது வாட்ச்மேன் கூண்டில் அடிக்கும். வாட்ச்மேன் ரோந்து போயிருந்தார். போனில் பிடித்து வரவழைத்து, அவரும் நானும் கதவின் கீழ்ப்பலகையை உடைத்து, அந்தச் சந்து வழியாக அவள் காலை மெல்ல நகர்த்திய பிறகுதான் உள்ளே போக முடிந்தது. இருபது நிமிடம் ஆகியிருக்கும். நர்ஸ் எங்கே என்றேன். “சிஸ்டர் ஆறு மணிக்கே போயிடுவாங்க சார், ராத்திரி போன்லதான்” என்றார் வாட்ச்மேன். ஆம்புலன்ஸ்? அது ஒரு பழைய ஆம்னி வேன். அதன் டிரைவர்தான் பகலில் சமையலறைக்குக் காய்கறி வாங்கி வருபவர். எட்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார், சாவியும் அவரோடு போய்விடும். கடைசியில் 108-ஐத்தான் கூப்பிட்டோம். அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கவேண்டும்.

இடது இடுப்பு எலும்பு முறிவு. மூன்றாம் நாள் ஆபரேஷன். ஓய்வூதியர் மருத்துவக் காப்பீடு ஒரு பகுதியைக் கொடுத்தது, மீதி கையிலிருந்து.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் கவனிப்பு பிளாக்குக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். மேலாளர் கோயில் பக்கத்துக் காலி மனையைக் காட்டினார். “அது இரண்டாம் கட்டம் சார்.” அங்கே எருக்கஞ்செடி வளர்ந்திருந்தது. அப்புறம்தான் தமிழ்நாடு ரெரா, அதாவது மனை, வீட்டுத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தின் இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். ரெரா சட்டத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் தனித் திட்டமாகத்தான் பதிவு செய்யவேண்டும். எங்கள் வீடுகள் இருக்கும் முதல் கட்டத்துக்குப் பதிவு எண் இருந்தது. கவனிப்பு பிளாக்குக்கு இல்லை. பத்து நிமிட வேலை இது. வாங்குவதற்கு முன்னால் செய்திருக்கவேண்டியது.

வேறு வழியில்லாமல் வீட்டிலேயே ஆள் வைத்தோம். அவர்கள் அனுப்பும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,100 ரூபாய், மாதம் 33,000. வெளியிலிருந்து நாமே ஆள் கூட்டி வந்தால் தினமும் 150 ரூபாய் ‘நுழைவுக் கட்டணம்’. இந்தச் சொல்லை முதலில் கேட்டபோது சிரித்துவிட்டேன். ரசீதைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து எல்லாக் காகிதத்தையும் தணிக்கைக்கு வந்த கோப்பு மாதிரி படித்தேன். மொத்தம் மூன்று. கிரயப் பத்திரம், கட்டுமான ஒப்பந்தம், சேவை ஒப்பந்தம். முதல் இரண்டும் சுவரையும் மனைப் பாகத்தையும் பற்றியவை. அவற்றில் பிழையில்லை, வக்கீல் பார்த்துச் சொன்னதும் அவற்றைத்தான். நர்ஸ், சாப்பாடு, வேன் எல்லாம் மூன்றாவதில். அதில் கையெழுத்திட்டிருந்தது கட்டிய நிறுவனமே இல்லை, கிட்டத்தட்ட அதே பெயரில் இன்னொரு கம்பெனி. ‘30 நாள் அறிவிப்போடு எந்தச் சேவையையும் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ உரிமை உண்டு’ என்று ஒரு பிரிவு. இரவு நர்ஸை அப்படித்தான் நிறுத்தியிருக்கிறார்கள். அறிவிப்பு, சாப்பாட்டுக் கூடத்துப் பலகையில் மெனுவுக்குக் கீழே ஒட்டப்பட்டிருந்ததாம். கட்டியவரைக் கேட்டால் சேவைக் கம்பெனியைக் கேள் என்பார், அவரைக் கேட்டால் புத்தகம் அச்சடித்தது நாங்களில்லை என்பார். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டது. கட்டுபவர், சேவை தருபவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தம் போடவேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால் மாதிரி மாதிரிதான், அது யாரையும் கட்டாயப்படுத்தாது.

கட்டணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 870 சதுர அடி வீடு. 2019-இல் பராமரிப்பு சதுர அடிக்கு 6 ரூபாய், மாதம் 5,220. 2023-இல் 11.50, அதாவது 10,005. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 11,800-ஐத் தாண்டுகிறது. என் ஓய்வூதியம் நான்கு வருடத்தில் இரட்டிப்பாகவில்லை. சாப்பாட்டுக்கு ஆளுக்கு 4,800 இருந்தது 7,200 ஆனது. மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளுக்கும் இரண்டு பேர் சாப்பாட்டுக் காசு பிடித்தார்கள். ஆரம்பத்தில் கார்பஸ் ஃபண்ட், அதாவது பொது இருப்பு நிதி என்று வீட்டுக்கு இரண்டு லட்சம் வாங்கினார்கள். அது எந்த வங்கியில், யார் பேரில் இருக்கிறது என்று எழுத்தில் மூன்று முறை கேட்டுவிட்டேன். பதில் இல்லை.

சரி, விற்றுவிட்டுப் போகலாமே என்பீர்கள். வாங்குபவருக்கு 55 வயது ஆகியிருக்கவேண்டும். முதலில் நிறுவனத்துக்குத்தான் விற்பதாகச் சொல்லவேண்டும், அவர்கள் வேண்டாம் என்ற பிறகே வெளியாள். விற்ற விலையில் 5 சதவீதம் ‘மாற்றுக் கட்டணம்’. இதைவிடப் பெரிய சிக்கல் எங்களுக்குப் பிறகு வருகிறது. மகனுக்கு 41 வயது, அவன் இங்கே குடியிருக்க முடியாது. ஆனால் வீடு விற்கும்வரை மாதப் பராமரிப்பை அவன்தான் கட்டவேண்டும். அடுத்த பிளாக்கில் ஒரு வீடு இரண்டரை வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. பெங்களூரில் இருக்கும் மகள் மாதாமாதம் பணம் அனுப்புகிறாள், பெற்றோர் இருவரும் போய்ச் சேர்ந்த வீட்டுக்கு.

ஆகவே, பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் போகாதீர்கள். முடிந்தால் ராத்திரி பத்து மணிக்குப் போய் நர்ஸைப் பார்க்கவேண்டும் என்று சொல்லுங்கள், வேனின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அங்கே குடியிருப்பவர்களிடம் மேலாளர் பக்கத்தில் இல்லாதபோது பேசுங்கள். சேவை ஒப்பந்தத்தை வக்கீலிடம் தனியாகக் காட்டுங்கள், கட்டண உயர்வுக்கு வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று வரம்பு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்துப் போடும்முன் குளியலறைத் தரையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, மணிக் கயிறு எட்டுகிறதா என்று பாருங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். விளம்பரப் புத்தகத்தைப் பழைய பேப்பரில் போட்டுவிடாதீர்கள். ரெரா சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம். என் வீட்டுப் பரணில் அந்தப் புத்தகம் பத்திரமாக இருந்தது. நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது, அதையும் தெரிந்து செய்யவில்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், பிரச்சினை நடந்த நாளிலிருந்து எண்ணும் இரண்டு வருடக் கெடுவை நினைவில் வையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகாரை அதற்குள் கொடுத்துவிடவேண்டும். கட்டிய தொகை 50 லட்சம்வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும், வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். நான் கெடு முடிய மூன்று மாதம் இருக்கும்போது, 2024 ஆகஸ்டில் போட்டேன். சேவைக் குறைபாடு என்றுதான் வழக்கு. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் முதியோருக்கான 14567 உதவி எண்ணில் பேசலாம், காசு கிடையாது.

மனைவி இப்போது வாக்கரோடு நடக்கிறாள். போன மாதம் தச்சரைக் கூப்பிட்டு, குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிவிட்டோம். 6,500 ரூபாய் ஆனது. கயிற்றையும் தரைவரை நீட்டிக் கட்டினேன். நான்காம் நாள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். ‘அன்புள்ள குடும்ப உறுப்பினரே’ என்று ஆரம்பித்து, முன் அனுமதியின்றிக் கதவின் அமைப்பை மாற்றியதற்கு 10,000 ரூபாய் அபராதம் கட்டச் சொல்லியிருந்தார்கள். வழக்கின் ஆவணப் பட்டியலில் அதை 23-ஆவதாகச் சேர்த்திருக்கிறேன்.