மதர்போட் வரும்வரை: வெள்ளவத்தை ஈரக்காற்றில் கணினிப் பாகங்களைப் பாதுகாத்த அனுபவம்

மேசைக் கணினியின் மதர்போட் (பாகங்கள் எல்லாம் பொருத்தப்படும் தாய்ப்பலகை) பழுதடைந்து, உத்தரவாதத்தின் கீழ் மாற்றுப் பலகை வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்று கடையில் கூறியபோது தென்மேல் பருவமழை தொடங்கியிருந்தது. மரைன் டிரைவை அண்டிய தொடர்மாடி வீட்டில் ஏனைய பாகங்களை மாதக்கணக்கில் வைத்திருக்க நேர்ந்தது.

இது பற்றிய அறிவுரைகளிற் பெரும்பாலானவை உராய்வில் சேரும் நிலைமின்னையே முதன்மைப்படுத்துகின்றன. குளிர்காலத்தில் காற்று வறண்டுபோகும் நாடுகளுக்கு அது பொருந்தும். கொழும்பின் ஈரக்காற்றில் மின்னேற்றம் அவ்வளவாகத் தேங்குவதில்லை. ஆயினும் ஏசி ஓடும் அறையில் கவனம் வேண்டும்: நம் விரல் உணரும் அதிர்ச்சி ஏறத்தாழ 3000 வோல்ட்டில்தான் தொடங்குகிறது, சிப்புகளோ அதைவிட மிகக் குறைந்த மின்னழுத்தத்திலேயே சேதமடையக்கூடும். என் கணிப்பில் இங்கே முதல் எதிரி ஈரமும் கடற்காற்றின் உப்பும், அடுத்தது எறும்பு.

கழற்றுவதில் புரோசசரே கடினமானது. என்னுடையது ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 சொக்கெட்டுக்கான வகை, 1331 ஊசிகளும் அதன் அடியிலேயே இருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால் இடையில் வெப்பம் கடத்தப் பூசி இறுகிய தெர்மல் பேஸ்ட் புரோசசரையும் சொக்கெட்டிலிருந்து பிடுங்கிவிடும் என்பதாலும், செத்த பலகையை இயக்கிச் சூடாக்க வழியில்லை என்பதாலும், தலைமயிர் உலர்த்தியால் மிதமாகச் சூடேற்றி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுத்தேன். பேஸ்டை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து, புரோசசரை அதனுடன் வந்த பிளாஸ்டிக் கூட்டிலேயே வைத்தேன். ஊசிகள் மதர்போட்டிலேயே அமைந்த இன்டெல் எல்.ஜி.ஏ. வகையாயின், திருப்பிக் கொடுக்கும் பலகையில் சொக்கெட் மூடியைப் பொருத்துவதே முக்கியம்.

றாமையும் கிராஃபிக்ஸ் கார்டையும் விளிம்பில் மட்டும் பிடித்தேன். பொன்முலாம் பூசிய தொடுமுனைகளில் விரல் வியர்வை படிந்தால், அதிலுள்ள உப்பு இந்த ஈரத்தில் அரிப்பைத் தூண்டும். அழிறப்பரால் தேய்க்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை, முலாம் மிக மெல்லியது. உறைகளிலும் வேறுபாடு உண்டு. இளஞ்சிவப்புப் பை தன்னளவில் மின்னேற்றம் உண்டாக்காது, அவ்வளவே. வெளியிலிருந்து வரும் மின்பாய்ச்சலைத் தடுப்பது உலோகப் படலமுள்ள வெள்ளிநிறப் பைதான். அத்தகைய பைகளை பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கேட்டு வாங்கினேன். சாதாரண சொப்பிங் பை இதற்கு உதவாது.

பைகளை றப்பர் விளிம்புள்ள, காற்றுப்புகாத உணவுப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் அடுக்கினேன். செம்மஞ்சள் மணிகள் ஈரம் உறிஞ்சியதும் பச்சையாகும் வகையே வசதியானது. நிறம் மாறியபோதெல்லாம் அவன் அடுப்பில் மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தினேன். மழைக்காலத்தில் எதிர்பார்த்ததைவிட விரைவாகவே நிறம் மாறியது. ஜெல்லுக்குப் பதிலாக அரிசி போடுவோர் உண்டு, ஆனால் அதன் மாத்தூள் தொடுமுனைகளுக்குள் போகும், எறும்பையும் அதுவே அழைத்துவரும். பூச்சி உருண்டையும் வேண்டாம்: அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளகச் செய்யும்.

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. எழுதும் ஆயுள் முழுதும் தீர்ந்த பின்னரும், மின்னின்றி 30 பாகை செல்சியசில் ஓராண்டுக்குத் தரவு நிலைக்க வேண்டும் என்பது நுகர்வோர் வகைக்கு ஜெடெக் என்ற தொழில்துறை அமைப்பு வகுத்த தரநிலை. இருந்தாலும் முக்கியக் கோப்புகளுக்குப் பிரதி எடுத்திருந்தேன். பவர் சப்ளையைத் திறக்கவேயில்லை, அதன் கொள்ளளவிகளில் மின்னேற்றம் எஞ்சியிருக்கலாம். அதன் காற்றுத் துளைகளுக்குள் எறும்பு குடியேறாமல் தனிப் பையில் கட்டி அலுமாரியின் மேற்தட்டில் வைத்தேன்.

புதிய பலகையை ஏசிக் கடையிலிருந்து கொண்டுவந்ததும் பையைப் பிரிக்காமல் சில மணிநேரம் அறையிலேயே விட்டேன். குளிர்ந்த பலகை புழுக்கத்தில் திறக்கப்பட்டால் அதன்மேல் நீர்த்துளி படியும். பொருத்தியபின் எல்லாப் பாகங்களும் முதல் இயக்கத்திலேயே அடையாளம் காணப்பட்டன, தொடுமுனைகளில் கறை எதுவும் இல்லை. பெட்டியில் எனக்குள்ள ஒரே குறை அதன் நீளம்: கிராஃபிக்ஸ் கார்ட் சாய்வாகத்தான் உள்ளே சென்றது. வாங்குமுன் கார்டை அளந்துகொண்டு போவது நல்லது.