எலி விரட்டுற மெசின் எண்டு வீட்டுக்கு வாறவங்களிட்ட ஏமாறாதீங்க – என்ட 24,500 ரூபா போயிட்டு

முந்தாநாள் பின்னேரம் விதைநெல் மூடை ஒண்டைத் தூக்கினன். தூக்கின கையோட அடியால நெல் கொட்டுப்பட்டு, மூடை பாதிதான் மிஞ்சிச்சு. அடியில கைமுட்டி போற அளவு ஓட்டை. உள்ள உமி, எலிப்புழுக்கை, பிய்ச்சுப் போட்ட சாக்கு நூல். அந்த மூடைக்கு நேர மேல சுவரில பச்சை வெளிச்சம் எரிஞ்சுகொண்டு இருக்கு. எலி கிட்டவும் வராது எண்டு சொல்லி என்னட்ட 24,500 ரூபா வாங்கிப் பூட்டின மெசின் அது.

ராத்திரி முழுக்க நித்திரை இல்ல. விடிஞ்ச உடனே இதை எழுதுறன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்து வாசிங்க. கடைசியில எலிக்கு உண்மையா என்ன செய்யணும் எண்டும் எழுதுறன்.

எங்கட வீடு களுவாஞ்சிகுடியில. வேளாண்மை படுவான்கரையில, மண்டூருக்கு அங்கால. அங்க வாடியில நெல்லை வச்சா யானை வந்து உடைக்கும். அதால சிறுபோகம் வெட்டின பிறகு, வாற பெரும்போக விதைப்புக்கு எண்டு பார்த்துப் பார்த்துத் தூத்தின ஆறு மூடை பிஜி 94-1 நெல்லை, குருமண்வெளித் துறையால பாதையில (வாவியைக் கடக்கிற மிதவையில) ஏத்திக் கொண்டு வந்து பின்வளவு அறையில அடுக்கினம். அந்த அறை அப்பா இருக்கக்க கட்டினது. கல்லுச் சுவர், மேல தகரம், அடி உக்கின பழைய மரக்கதவு. கோழித்தீன், தண்ணி மோட்டர், உரப்பை, தேங்காய் எல்லாம் அதுக்குள்ளதான்.

ஒரு கிழமையில மூடைக்கு மேல சின்னச்சீரகம் மாதிரிப் புழுக்கை. சுண்டெலி. அம்மா வழக்கம் போல ரெண்டு பொறி வச்சா, கருவாட்டுத் துண்டு குத்தி. நாளைக்கு ஒண்டு, ரெண்டு விழுந்துகொண்டுதான் இருந்திச்சு. அதோட விட்டிருக்கலாம். எனக்குத்தான் விதைநெல்லை நினைச்சுப் பயம். ராவில போனைப் பார்க்கக்க பேஸ்புக்கில ஒரு விளம்பரம் வந்திச்சு. குசினிக்குள்ளால எலிக் கூட்டம் வெளிய ஓடுற வீடியோ. மனிசருக்குக் கேக்காத சத்தம், விசம் இல்ல, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு, வீட்டுக்கே வந்து பூட்டித் தருவம், பூட்டின பிறகு காசு தந்தாக் காணும் எண்டு போட்டிருந்திச்சு. அந்தக் கடைசி வசனத்தைப் பார்த்துத்தான் நம்பர் எடுத்தன்.

அடுத்த நாள் காலையில ஒரு தம்பி மோட்டர்சைக்கிளில வந்தார். கழுத்தில அட்டை, கையில பைல். நம்மட பக்கத்துப் பேச்சு. வாசலில செருப்பைக் கழட்டிப் போட்டுத்தான் உள்ள வந்தார். பின்வளவுக்குக் கூட்டிப் போனன். அம்மா சுவரோரம் இருந்த மூடையை இழுக்கப் போனா. "நீங்க விடுங்க அம்மம்மா, இடுப்புப் பிடிச்சிடும்" எண்டு சொல்லி, ஆறு மூடையையும் தனிய இழுத்துச் சுவரை விட்டுத் தள்ளி வச்சார். சேட்டெல்லாம் வேர்வை. அம்மா உடனே தேத்தண்ணி போட ஓடினா. நான் அந்த ஆளை நம்பினது அந்த இடத்தில. மெசினைப் பார்த்து நம்பேல்ல, அம்மாக்கு மூடை தூக்கினதைப் பார்த்து நம்பினன்.

ஒரு கேள்வி கேட்டன். அதையும் சொல்லத்தான் வேணும். "தம்பி, எங்களுக்குக் கேக்காதெண்டா இது வேலை செய்யுதா எண்டு எப்படித் தெரியும்?" உடனே தன்ட போனை எடுத்து ஒரு அப்பைத் திறந்தார். கோடு கோடா அலை ஏறி இறங்கிச்சு. "பாருங்க அக்கா, இதுதான் சத்தம். மாமாங்கப் பிள்ளையார் அறிய, பத்து நாளில ஒரு எலி இருக்காது." மெசின் ஒண்டு 7,500, அறைக்கு மூண்டு வேணுமாம். 22,500. பூட்டுக்கூலி 2,000. மொத்தம் 24,500 ரூபா. கோழி வித்த காசும் சீட்டுக் காசும் சேர்த்து எண்ணிக் குடுத்தன். பில் கேட்டன், எழுதித் தந்தார்.

போகக்க ஒண்டு சொல்லிட்டுப் போனார். அதுதான் இப்ப நெஞ்சைக் கிண்டுது. "அக்கா, பொறியை எடுத்திடுங்க. பூனையையும் கொஞ்ச நாளைக்கு வேற வீட்டில விடுங்க, அதுக்கும் இந்தச் சத்தம் கேக்கும், பாவம்." நான் பொறி ரெண்டையும் எடுத்து மேல தூக்கி வச்சன். பூனையைப் பெரியகல்லாற்றில தங்கச்சி வீட்டில விட்டன். அம்மா மட்டும் சொன்னா, "பூனையை அனுப்பிப் போட்டு எலியை விரட்டுறதாகா புள்ள?" நான் அம்மாவைப் பேசிட்டன்.

பத்து நாள் போச்சு. புழுக்கை கூடிச்சே தவிரக் குறையேல்ல. கோல் எடுத்தன். "அக்கா, தொடக்கத்தில அதுகள் குழம்பித் திரியும், அதுதான் கூடத் தெரியும். இன்னும் ரெண்டு கிழமை பொறுங்க." பொறுத்தன்.

மறுகா எடுத்தன். "உங்கட கரண்ட் வோல்டேஜ் குறைவு." மின்சாரம் பார்க்கிற ஆளைக் கூட்டி வந்து 1,500 குடுத்துப் பார்த்தன், வோல்டேஜில குறை இல்ல எண்டார். அதைச் சொன்னா, "அப்ப மூடைகள்தான் சத்தத்தை மறைக்குது, எல்லாத்தையும் வெளிய எடுத்து வைங்க." நெல்லைக் காப்பாத்தத்தானே தம்பி மெசின் வாங்கினது, நெல்லை வெளிய வச்சா வெறும் அறைக்கு எதுக்கு மெசின் எண்டு கேட்டன். லைனை வெட்டிட்டார்.

பிறகு வேற ஒரு பொம்பிளைப்பிள்ளை பேசினா. கொழும்பு ஒபீசுக்கு எடுக்கணுமாம். அங்க எடுத்தா சிங்களத்தில ஒராள், பில்லில சீல் இல்ல, அப்ப வொரண்டி இல்ல எண்டார். சீல் போடாமத் தந்தது அவங்கட ஆள். அவங்கட பேஜில கொமெண்ட் போட்டன், அரை மணித்தியாலத்தில அழிச்சிட்டாங்க. ரெண்டாந்தரம் போட்டன், என்னை ப்ளொக் பண்ணிட்டாங்க. மகன்ட போனால பார்த்தா அதே எலி ஓடுற வீடியோ, கீழ "100% உத்தரவாதம்". கடைசியா அந்தத் தம்பிட்ட இருந்து ஒரு வொய்ஸ். எங்கட பேரைப் போட்டு எழுதினா வழக்குப் போடுவமாம். அதால பேர் போடேல்ல. பேஸ்புக்கில விளம்பரம் போட்டு, வீட்டுக்கு வந்து, சுவரில செருகுற எலி மெசின் விக்கிற ஆக்கள். அவ்வளவும் காணும் விளங்க.

ரெண்டு மூடை முழுக்க நாசம், மற்ற ரெண்டில வாய் வச்சிருக்கு. மோட்டர் வயரும் கடிபட்டிருக்கு. பெரும்போக விதைப்புக்கு நாள் கிட்டுது. இப்ப விதைநெல்லுக்கு நான் யாரிட்டப் போறது? மெசினுக்குக் குடுத்த 24,500 வேற, இது வேற.

நேத்து விதைநெல் கேக்கக் கமநல சேவை நிலையத்துக்குப் போன இடத்தில விவசாயப் போதனாசிரியரைக் கண்டு அழாத குறையாச் சொன்னன். அவர் சொன்னதை இஞ்ச போடுறன். சுண்டெலிக்கு அந்தச் சத்தம் கேக்கும் எண்டது உண்மைதானாம். பூனைக்குக் கேக்கும் எண்டதும் உண்மை. அந்த உண்மையிலதான் பொய்யை ஒட்டி விக்கிறாங்கள். மனிசருக்குக் கேக்காத, 20,000 ஹேர்ட்ஸுக்கு மேல போற சத்தம் சுவரால போகாது, மூடை மாதிரி மெதுவான சாமானில பட்டா அடங்கிடும், மூடைக்குப் பின்னால இருக்கிற எலிக்கு அது இல்லாத மாதிரித்தான். நேர கேக்கிற எலியும் கொஞ்ச நாளில பழகிடும், அதுவும் பக்கத்தில தீன் இருந்தா. போனில காட்டின கோடும் ஏமாத்து. சாதாரண போன் பிடிக்கிறது மனிசருக்குக் கேக்கிற அளவையும் அதுக்குக் கொஞ்சம் மேலயும்தான். நான் கதைச்ச சத்தத்துக்கும் அந்தக் கோடு ஏறியிருக்கும்.

மகன் தேடிப் பார்த்தான். அமெரிக்காவில கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2001ஆம் ஆண்டே, இந்த மெசின் செய்யிற, விக்கிற 60க்கு மேற்பட்ட கம்பனிகளுக்கு, விஞ்ஞான ஆதாரம் இல்லாம இப்படி விளம்பரம் போடாதீங்க எண்டு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்காம். அங்க அப்பவே பிடிபட்டதை இஞ்ச என்ட அம்மா வயசு ஆக்களிட்டக் கொண்டு வந்து விக்கிறாங்கள்.

போதனாசிரியர் சொன்ன இன்னொண்டுதான் என்னை உடைச்சுப் போட்டுது. சுண்டெலி மூண்டு கிழமையில குட்டி போடும், ஒரு ஈத்துக்கு அஞ்சு, ஆறு, சிலநேரம் அதுக்கும் கூட. ஆகஸ்ட் கடைசியில பூட்டினது, இப்ப ஒக்டோபர். பொறி இல்ல, பூனை இல்ல, "பொறுங்க அக்கா, பொறுங்க அக்கா" எண்டு அவன் இழுத்த நாளெல்லாம் எலிக்குப் பெருகக் குடுத்த நாள். அவன் பொய் சொல்லிக் காசை மட்டும் எடுத்திருந்தா 24,500 ரூபாவோட போயிருக்கும்.

எலி வந்த வழியையும் அவர் சொன்ன பிறகுதான் தேடினன். கதவுக்கு அடியில உக்கின இடம். பென்சில் போற ஓட்டை காணுமாம் சுண்டெலிக்கு. ஆறு கிழமையா மூண்டு மெசினும் எரிய எரிய, அந்தக் கதவு அடியாலதான் போய் வந்திருக்கு. ஒரு துண்டுத் தகரம் அடிச்சிருந்தா முடிஞ்சிருக்கும். மூடை தூக்கின நேரத்தில அந்த ஆள் கதவு அடியைக் குனிஞ்சு பார்க்கவே இல்ல. எலி பிடிக்க வந்தவன் பார்த்திருப்பான்.

நிறைய எழுதணும் எண்டுதான் தொடங்கினன், இப்ப நேரம் இல்ல. சுருக்கமாச் சொல்றன். கதவடிக்குத் தகரம் அடிங்க, சுவர் ஓட்டைக்குள்ள சட்டி தேய்க்கிற கம்பித் தும்பைத் திணிச்சுச் சீமெந்து பூசுங்க. மூடையைப் பலகைக்கு மேல, சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்க. பொறியைச் சுவரோரமா வைங்க, அதுகள் சுவரை ஒட்டித்தான் ஓடும். புழுக்கையைக் காஞ்சபடி கூட்டாதீங்க, கிருமிநாசினி தெளிச்சு நனைச்சு, கையுறை போட்டுத் துடைங்க. எலிக்காய்ச்சல் அதுகளின்ட மூத்திரத்தால வாறது, வயலுக்குப் போறவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. பேர் இல்லாத பையில விக்கிற எலி மருந்தை வாங்கவே வாங்காதீங்க, கோழி, பூனை எல்லாம் போயிடும். ஏமாந்தவங்க நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 எண்ட நம்பரில கோல் எடுங்க. முறைப்பாட்டை எழுத்தில, வாங்கின நாளில இருந்து 3 மாசத்துக்குள்ள குடுக்கணும், நானும் இண்டைக்குப் பதிவுத் தபாலில அனுப்புறன். பில் இல்லாம ஒரு சதமும் குடுக்காதீங்க, பில்லில சீலைப் பாருங்க.

இதை இண்டைக்கே போடுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. காலையில தம்பிலுவிலில இருக்கிற மச்சாளுக்கு எடுத்து இந்தக் கதையைச் சொன்னன். சொல்லி முடிக்க முதலே, "கழுத்தில அட்டை போட்ட ஆளா?" எண்டு கேட்டா. முந்தாநாள் வந்து அவங்கட பின்வளவு அறையை அளந்திட்டுப் போயிருக்கான். நாலு மெசினாம். காசு குடுத்திட்டியா எண்டு கேட்டன். பாதி குடுத்திட்டாவாம், மிச்சத்துக்குச் சனிக்கிழமை வாறானாம். திருக்கோவில், தம்பிலுவில், விநாயகபுரம் பக்கம் ஆக்கள் இருந்தா இதை உங்கட வீட்டு ஆக்களுக்குச் சனிக்கிழமைக்கு முதல் வாசிச்சுக் காட்டுங்க.