எதிரித் தலைவன் செத்தும் வெற்றி வரவில்லையா? வெஸ்னாத்தில் மூன்று வழிகள், என் ஓட்டு சேவ் ஃபைலுக்கு

ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரிப் பக்கம் மழை பிடித்தால் வெளியே தலைகாட்ட முடியாது. மரம் விழுந்து லைன் போனால் நெட்டும் சேர்ந்து போகும். அந்த மாதிரி நாட்களுக்கு வெஸ்னாத் நல்ல துணை. 2003-இல் டேவிட் வைட் தொடங்கிய, டர்ன் டர்னாக மாறி மாறிப் படையை நகர்த்தி ஆடும் இலவசப் போர் விளையாட்டு; கிராஃபிக்ஸ் கார்டு கேட்காது, நெட் கேட்காது, லேப்டாப் பேட்டரி தாங்கும்வரை ஆடலாம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், கூடவே வரும் கேம்பெய்ன்களை (பல கட்டங்களாகத் தொடரும் கதைகளை) முடித்துவிட்டு, ஆர்வலர்கள் எழுதிப் போட்டதை இறக்கி ஆடும்போது. நான் ஆடிய ஒன்றில், கடைசி எதிரித் தலைவன் செத்து விழுந்த பிறகும் வெற்றி அறிவிப்பு வரவே இல்லை. டர்ன் தீர்ந்தால் தோல்வி வேறு. கேம்பெய்ன் பெயரைச் சொல்லப் போவதில்லை. சம்பளம் வாங்காமல் ஒருவர் எழுதியது.

கண்ட்ரோல் ஜே அழுத்தி இலக்கை இன்னொருமுறை படிப்பது, மூடுபனிக்குள் வேறு தலைவன் ஒளிந்திருக்கிறானா என்று பார்ப்பது, இதெல்லாம் சொல்லத் தேவையில்லை. அதைத் தாண்டியும் ஆட்டம் நகரவில்லை என்றால் கோலன் அழுத்தி ‘டீபக்’ (பிழை தேடும் முறை), அப்புறம் மறுபடி கோலன் அழுத்தி ‘இன்ஸ்பெக்ட்’ என்று அடியுங்கள். எந்தப் பக்கத்தில் யார் உயிரோடு இருக்கிறார்கள், எந்த மாறியில் என்ன மதிப்பு என்று எல்லாம் தெரியும்.

வழக்கமாக எதிரிகளின் தலைவர்கள் எல்லோரும் செத்தால் ஆட்டமே வெற்றியை அறிவித்துவிடும். எழுதியவர் அதை அணைத்துவிட்டு, ‘இந்த ஐடி (ஆட்டத்துக்குள் ஆளை அடையாளம் காட்டும் பெயர்) உள்ளவன் செத்தால் இதையெல்லாம் செய், அப்புறம் வெற்றி கொடு’ என்று தனி நிகழ்வு எழுதலாம். எனக்கு வந்தது அந்த வகை. தலைவனை உருவாக்கிய இடத்தில் ஐடியின் முதல் எழுத்து கேப்பிடல். நிகழ்வின் ஃபில்டரில், அதாவது யார் செத்தால் ஓட வேண்டும் என்று சொல்லும் இடத்தில், ஸ்மால். வெஸ்னாத்துக்கு இரண்டும் வேறு வேறு ஆள். செத்தவன் ஒருவன், நிகழ்வு காத்திருந்தது இன்னொருவனுக்காக.

காரணம் தெரிந்துவிட்டது. இனி எப்படி வெளியே வருவது என்பதில்தான் எனக்கும் அரவேணுவில் இருக்கும் என் சித்தி பையனுக்கும் ஒத்துப்போகவில்லை.

அவன் சொன்னது சுலபமான வழி. “அண்ணா, டீபக்ல நெக்ஸ்ட் லெவல் போட்டுட்டு போயிட்டே இருங்க.” ஒரு கட்டளை, அடுத்த கட்டம் திறந்துவிடும். கதையைத் தெரிந்துகொண்டால் போதும் என்பவர்களுக்கு இது சரி.

இரண்டாவது, சினாரியோ ஃபைலை (அந்தக் கட்டம் எழுதப்பட்ட ஃபைலை) திருத்திவிட்டுக் கட்டத்தை முதலிலிருந்து ஆடுவது. முறைப்படி சுத்தமான வழி இதுதான். ஆனால் பலர் ஃபைலைத் திருத்திவிட்டுப் பாதியில் சேமித்த ஆட்டத்தைத் திறந்து, ‘இன்னும் அப்படியேதானே இருக்கு’ என்று குழம்புகிறார்கள். பாதியில் சேமித்த ஆட்டம் பழைய நிகழ்வுகளைத் தனக்குள்ளேயே பிரதி எடுத்து வைத்திருக்கும். திருத்தம் செல்ல வேண்டுமானால் கட்டம் தொடங்கும்போது பதிவான சேவைத்தான் திறக்க வேண்டும். அதாவது அந்த மாலை முழுக்க ஆடியது போச்சு. மறுபடி ஆடினால் அதே முடிவு வராது: வெஸ்னாத்தில் மாயத் தாக்குதலுக்குக்கூட அடி விழ 70 சதவீத வாய்ப்புதான். போன தடவை மூன்றாம் லெவலுக்கு ஏறிய வீரன் இந்தத் தடவை இரண்டாவது டர்னிலேயே சாகலாம்.

மூன்றாவது, சேவ் ஃபைலையே திறந்து திருத்துவது. நான் செய்தது இது.

கேட்கும்போது பயமாக இருக்கும், ஆனால் அது சுருக்கி வைத்த எழுத்து ஃபைல், அவ்வளவுதான். ஜிஜிப் வடிவத்தில் இருக்கும், செவன்-ஜிப் போன்ற எதிலும் விரியும். செட்டிங்ஸில் சேவ் ஃபைலைச் சுருக்காமல் வைக்கும்படி மாற்றினால் அந்த வேலையும் இல்லை. முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். அப்புறம், தலைவன் சாவதற்கு முந்தைய டர்னின் ஆட்டோசேவைத் திறந்து தப்பான ஐடியைத் தேடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் கிடைக்கும்: ரீப்ளேக்காக வைத்திருக்கும் ஆரம்ப நிலையில் ஒன்று, ‘ஸ்னாப்ஷாட்’ என்ற பகுதிக்குள் ஒன்று. ஆட்டத்தைத் தொடரும்போது படிக்கப்படுவது ஸ்னாப்ஷாட். அங்கே அந்த ஒரு எழுத்தை கேப்பிடலாக்கி, சேமித்து, ஆட்டத்தில் திறந்து, தலைவனை மறுபடி கொன்றேன். நிகழ்வு ஓடியது, வசனம் வந்தது, வெற்றி வந்தது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தம்பி சிரித்தான். வெற்றி என்பது அடுத்த கட்டத்துக்குத் தாண்டுவது மட்டும் என்றால் அவன் கட்சிதான் சரி. கேம்பெய்னில் அப்படி இல்லை. இங்கே ஒவ்வொரு கட்டமும் அடுத்ததற்குச் சீதனம் கொடுத்து அனுப்புகிறது. மிச்சத் தங்கம் போகும். சீக்கிரம் முடித்ததற்கு, மீதமிருக்கும் டர்ன் கணக்கில் போனஸும் அதில் சேரும். அதில் எத்தனை சதவீதம் போக வேண்டும் என்பதை எழுதியவர் வெற்றி வரியிலேயே குறிப்பிடுவார். ஆட்டத்தோடு வரும் கேம்பெய்ன்களில் பெரும்பாலும் 40. எதுவும் எழுதாமல் விட்டால் 80. அந்த வரி ஓடினால்தான் அவர் நினைத்த கணக்கு நடக்கும். நெக்ஸ்ட் லெவல் கட்டளை அந்த வரியைத் தொடுவதே இல்லை.

தங்கம்கூடப் பரவாயில்லை. வெற்றிக்கு முன்பு அதே நிகழ்வுக்குள் வேறு என்னென்ன இருக்கிறது என்பதுதான் வினை. என் கட்டத்தில் எதிரிக் கோட்டையில் சிறைப்பட்டிருந்த ஒரு வைத்தியப் பெண், தலைவன் செத்ததும் நம் பக்கம் மாறுவாள். மாறினால்தான் கட்டம் முடியும்போது நம் ரீகால் பட்டியலில் (அடுத்த கட்டத்தில் திரும்ப அழைக்கக்கூடிய வீரர்களின் பட்டியல்) அவள் பெயர் ஏறும். தம்பி தாண்டிப் போனதால் அவன் பட்டியலில் அவள் இல்லை. அடுத்த கட்டம் அவளை ஐடி சொல்லிக் கூப்பிட்டது. ஆள் இல்லை, எச்சரிக்கையும் திரையில் இல்லை. குணப்படுத்த ஆளில்லாமல் சதுப்பு நிலத்தில் மாட்டிக்கொண்டு, “இந்தக் கட்டம் ரொம்பக் கஷ்டமா இருக்குண்ணா” என்று எனக்கே போன் செய்தான். பிழை ஒரு கட்டத்தில், வலி இன்னொன்றில். அதனால்தான் தாண்டிப் போகும் வழியை நான் ஒப்புக்கொள்வதில்லை.

சேவ் ஃபைல் வழிக்கும் குறை உண்டு. ஸ்னாப்ஷாட்டை மட்டும் திருத்தினால் ரீப்ளேயின் ஆரம்ப நிலை பழையபடியே இருக்கும், இரண்டும் பொருந்தாது. ரீப்ளே சேர்த்து வைக்கிற ஆளென்றால் யோசியுங்கள். முந்தைய ஆட்டோசேவ் அழிந்துபோயிருந்தால் செத்தவனை மறுபடி கொல்ல முடியாது. அப்போது டர்ன் தொடங்கும்போது ஓடும் புது நிகழ்வு ஒன்றை ஸ்னாப்ஷாட்டுக்குள் எழுதி, பழைய நிகழ்வின் உள்ளடக்கத்தை முழுக்க அதில் ஒட்டலாம். இதை நான் ஒரு சின்னக் கட்டத்தில்தான் சோதித்தேன், அங்கே வேலை செய்தது. செத்தவனின் இடத்தையோ கொன்றவனின் பெயரையோ பயன்படுத்தும் நிகழ்வு என்றால் அப்படியே ஒட்டினால் நடக்காது. மல்டிபிளேயரில் இந்தத் திருத்த வேலை எதையும் நான் செய்து பார்த்ததில்லை.

நாலைந்து டர்னிலேயே பிழையைக் கண்டுபிடித்துவிட்டால் இரண்டாவது வழியே போதும், மெனக்கெட வேண்டாம். எந்த வழியில் போனாலும் எந்த ஃபைல், எந்த வரி, என்ன எழுத்து என்று எழுதியவருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். ‘வெற்றி வரவில்லை’ என்று மட்டும் சொன்னால் அவர் முழு ஃபைலையும் சலிக்க வேண்டியிருக்கும். ஐடி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் ஒரு பார்வையில் புரிந்துவிடும்.